துப்பாக்கிக் குண்டை ஊஞ்சல் கட்டி அளந்தார்!

வத்திராயிருப்பில் கோவில் திருவிழா. இரவு பத்து மணி. சாமி புறப்படுகிறது. அதிர்வேட்டுப் போடுகிறார்கள்.

"டமார்!"

தூரத்தில் நிற்பவர்களுக்கு முதலில் வெளிச்சம் தெரிகிறது. பிறகுதான் சத்தம் கேட்கிறது. சற்று நேரம் கழித்து, மேற்கு மலையில் மோதிய சத்தம் மறுபடியும் ஊருக்குள் வருகிறது. குழந்தைகள் கை தட்டுகிறார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலையை ஆட்டுகிறார்.

"நல்ல மருந்து! சத்தத்தைக் கேட்டாயா?"

பக்கத்தில் பேரன். பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். சும்மா இருப்பானா?

"நல்ல மருந்து என்று எப்படித் தாத்தா தெரியும்?"

"அதுதான் சத்தம் சொல்கிறதே!"

தாத்தா சொன்னது சரியா?

சரி இல்லை. ஆனால் தாத்தா மட்டும் அப்படி நினைக்கவில்லை. பெரிய பெரிய ராணுவங்களை நடத்திய தளபதிகளும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார்கள். வெடிமருந்துக்கு எவ்வளவு பலம்? அது குண்டை என்ன வேகத்தில் தள்ளுகிறது? யாருக்கும் தெரியாது. எல்லாம் குத்துமதிப்பு.

அந்தக் குத்துமதிப்புக்கு முடிவு கட்டியவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டின் வேகத்தை உலகத்தில் முதல் முதலாகச் சரியாக அளந்தவர் அவரே. அவர் கண்ணை மூடியது நம் தமிழ்நாட்டில், கடலூரில்!

கடிகாரத்தால் முடியாது

சத்தத்தின் வேகத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் அல்ல. விநாடிக்குச் சுமார் 1,100 அடி தூரம் அது போகும். வத்திராயிருப்பு மலையின் எதிரொலியை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். வேட்டுப் போட்ட இடத்திலேயே நின்று, சத்தம் திரும்பிவர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஐந்து விநாடி என்று வைத்துக் கொள்வோம். போக வர 5,500 அடி. அதில் பாதி 2,750 அடி. அவ்வளவு தூரத்தில் மலை இருக்கிறது என்று அர்த்தம்.

துப்பாக்கிக் குண்டு விஷயம் அப்படி அல்ல. அது போவதைக் கண்ணால் பார்க்க முடியாது. 160 அடி தூரத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். "இதோ சுட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1740-ம் ஆண்டு வாக்கில் இருந்த கடிகாரங்கள் விநாடியை எண்ணும். அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு பங்கை எப்படி எண்ணும்?

அந்தக் காலத்தில் வெடிமருந்தைப் பரீட்சை செய்ய ஒரு சிறு கருவி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்குக் கைத்துப்பாக்கி போலவே இருக்கும். ஒரு சிட்டிகை மருந்தைப் போட்டு மூடி வைப்பார்கள். நெருப்பு வைத்ததும் மூடி தூக்கி அடிக்கும். மூடியோடு சேர்ந்த பல்சக்கரம் சில பல் தள்ளிப் போய் நிற்கும். இந்த மருந்தைவிட அந்த மருந்து பலமானது என்று சொல்ல அது உதவும். ஆனால் குண்டு என்ன வேகத்தில் போகும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

யார் இந்த ராபின்ஸ்?

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். அங்கே 1707-ம் ஆண்டு பிறந்தவர் ராபின்ஸ். ஏழைக் குடும்பம். தாய் தந்தையர் குவேக்கர்கள். குவேக்கர்கள் என்பவர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். யுத்தம் பாவம், ஆயுதத்தைத் தொடாதே என்பது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைதான் துப்பாக்கி சாஸ்திரத்துக்கே தகப்பனார் ஆனார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்!

பெரும்பாலும் தாமே கணிதம் படித்தார். லண்டனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். இருபது வயதில், 1727-ல், இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி என்னும் விஞ்ஞானிகள் சங்கம் அவரை அங்கத்தினர் ஆக்கிக் கொண்டது.

1742-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். "பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சின்னப் புத்தகம்தான். ஆனால் ஐரோப்பா முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதை, 1745-ல் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் விளக்கங்களையும் சேர்த்து வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் இருந்ததுதான் ஊஞ்சல்.

பூசணிக்காய்க் கணக்கு

நம் வீட்டு ஊஞ்சலில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே நின்று ஒரு பூசணிக்காயை அவன் மடியில் எறிகிறோம். அவன் பிடித்துக் கொள்கிறான். என்ன ஆகும்? ஊஞ்சல் பின்னால் போகும்.

மெதுவாக எறிந்தால் கொஞ்சம் போகும். வேகமாக எறிந்தால் அதிகம் போகும். பூசணிக்காயின் எடை தெரியும். பையனும் ஊஞ்சலும் சேர்ந்து என்ன எடை என்பதும் தெரியும். ஊஞ்சல் எவ்வளவு பின்னால் போயிற்று என்பதை அளந்துவிட்டால், பூசணிக்காய் வந்த வேகத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கடிகாரமே வேண்டாம்!

ராபின்ஸ் செய்தது இதையேதான். மூன்று கால் நட்டு, அதில் ஒரு கனமான இரும்பு ஊசலைத் தொங்கவிட்டார். அதன் முகப்பில் ஒரு கெட்டியான மரப்பலகையைப் பொருத்தினார். கீழே ஒரு பட்டு நாடாவைக் கட்டினார். ஊசல் பின்னால் போகும்போது நாடாவும் இழுபடும். திரும்பி வரும்போது நாடா அப்படியே நிற்கும். எவ்வளவு இழுபட்டதோ அதை அளந்தால் போதும்.

துப்பாக்கியை எதிரே வைத்துச் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்தது. ஊசல் ஆடியது. நாடா நகர்ந்தது.

அவருடைய புத்தகத்தில் உள்ள கணக்கையே பார்ப்போம். பென்சில் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஊசலின் எடை 56 ராத்தல் 3 அவுன்ஸ். ராத்தல் என்றால் ஏறக்குறைய 450 கிராம். இன்றைய பிள்ளைகளுக்கு ராத்தல் தெரியாது, பாட்டியைக் கேட்டால் சொல்வார். குண்டு முக்கால் அங்குலக் குறுக்களவு உள்ள ஈய உருண்டை. ஒரு ராத்தலுக்குப் பன்னிரண்டு குண்டு நிற்கும். அப்படியானால் ஊசல், குண்டைப்போல் 674 மடங்கு எடை.

ஆனால் 674-ஐ அப்படியே எடுத்துக் கொள்ளக்கூடாது. கதவை ஓரத்தில் தள்ளினால் சுலபமாகத் திறக்கிறது. கீல் பக்கத்தில் தள்ளினால் திறப்பது கஷ்டம். எந்த இடத்தில் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஊசலின் கனமும் குண்டு பட்ட இடத்திலேயே குவிந்து இருக்கவில்லை. அதையும் கணக்கில் சேர்த்து, குண்டு பட்ட பிறகு அதன் வேகம் 505-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று ராபின்ஸ் கண்டார்.

நாடா 17¼ அங்குலம் இழுபட்டது. அப்படி இழுபட வேண்டுமானால், ஊசல் விநாடிக்கு 3¼ அடி வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும்.

இனி ஒரே ஒரு பெருக்கல். 3¼-ஐ 505-ஆல் பெருக்குங்கள். 1,641 வருகிறதா?

குண்டின் வேகம் விநாடிக்கு 1,641 அடி!

சத்தத்தைவிட ஒன்றரை மடங்கு வேகம். இந்த வேகம் குறையாமல் பறந்தால், வத்திராயிருப்பில் கிளம்பிய குண்டு நாற்பது விநாடிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோபுரத்துப் பக்கம் போய்விடும். பஸ்ஸில் போகிறவர் டிக்கெட் வாங்கி முடிக்கமாட்டார்.

சத்தம் பொய் சொல்லும்

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு இன்று உள்ளது போல் பித்தளைத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு தடவையும் கையால் அடைக்க வேண்டும். மருந்தை நிறுத்துப் போடவேண்டும். தக்கை வைக்க வேண்டும். குண்டைப் போட்டுக் கோலால் இடித்து இறுக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று மாறினாலும் நாடா காட்டிக் கொடுத்துவிடும்.

மருந்து ஈரம் வாங்கியிருந்தால் குண்டின் வேகம் குறைகிறது என்பதையும் ராபின்ஸ் கண்டார். இது நம் சிவகாசிக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மழை அதிகம் பெய்யாத காய்ந்த சீமை என்பதால்தானே அங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்தன!

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருவோம். சத்தம் பெரிதாக இருந்தால் வேகமும் பெரிதா? ஒரே அளவு தோட்டாவைக் குட்டைக் குழாய் உள்ள கைத்துப்பாக்கியிலும் போடுங்கள், நெட்டைக் குழாய் உள்ளதிலும் போடுங்கள். குட்டைக் குழாய்தான் காதைப் பிளக்கும். ஆனால் அதன் குண்டுதான் மெதுவாகப் போகும். காரணம் எளிது. குழாய் குட்டையானால் எரிந்த புகையின் அழுத்தம் குண்டைக் கடைசிவரை தள்ளுவதற்குள் குண்டு வெளியே வந்துவிடுகிறது. மிச்சமுள்ள அழுத்தம் வாயைவிட்டு வெளியே பாய்ந்து, சத்தமாகவும் நெருப்பாகவும் வீணாகிறது.

வீணான பலத்தைத்தான் நாம் "நல்ல மருந்து" என்று மெச்சுகிறோம்!

ராபின்ஸ் இன்னொரு பயங்கரமான விஷயத்தையும் எழுதி வைத்தார். குண்டை மருந்தோடு ஒட்டி இறுக்காமல், இடையிலே வெற்றிடம் விட்டுத் தள்ளி வைத்துச் சுட்டார்கள். மருந்து வழக்கமான அளவுதான். குழாயும் நல்ல கெட்டியான குழாய்தான். என்ன நடந்தது தெரியுமா? குண்டு இருந்த இடத்தில் இரும்புக் குழாய் ஊதிய பைபோல் வீங்கி வெடித்தது.

இதைப் படிக்கும்போது நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளின் ஞாபகம் வருகிறது. பட்டறையில் அடித்த குழாய். கைப்பிடி கணக்கில் மருந்து. தோட்டத்துக்குள் காட்டுப் பன்றி வருகிறது என்று ஒருவர் இரவில் அதைத் தூக்கிக் கொண்டு போகிறார். மறுநாள் பத்திரிகையில் சின்னச் செய்தி: "துப்பாக்கி வெடித்து விவசாயி கை சிதறியது." எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்த விவசாயிக்குக் கை போனதோடு கஷ்டம் தீராது. உழவும் போய்விடும், குடும்பத்தின் சோறும் போய்விடும். மேலே வழக்கு வேறு. காட்டு மிருகங்களை வேட்டையாடுவதை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக் காடுகள் 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயின. 2021-ல் புலிகள் காப்பகமும் ஆயின.

காற்று ஒரு சுவர்

ஊஞ்சலை ராபின்ஸ் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே வைக்கவில்லை. தள்ளித் தள்ளி வைத்தும் சுட்டார். தூரம் போகப் போக நாடா இழுபடுவது குறைந்தது. அதாவது, குண்டு வழியிலேயே வேகத்தை இழந்துகொண்டு போகிறது.

யார் தடுக்கிறார்கள்? காற்றுதான்!

"காற்றா? அது லேசானது. பறக்கிற ஈயக் குண்டை அது என்ன செய்யும்?" என்றுதான் அதுவரை பீரங்கிக்காரர்கள் நினைத்திருந்தார்கள். ராபின்ஸ் கணக்கைக் காட்டினார். அந்த முக்கால் அங்குலக் குண்டு முழு வேகத்தில் போகும்போது, காற்று அதைத் தடுக்கும் பலம், குண்டின் எடையைப்போல் 120 மடங்கு! காற்றே இல்லாவிட்டால் அந்தக் குண்டு 17 மைல் போய் விழும். காற்று இருப்பதால் ஒரு மைல்கூடப் போவதில்லை.

குண்டின் வேகம் சத்தத்தின் வேகத்தை நெருங்கும் இடத்தில் இந்தத் தடை திடீரென்று பெருகுகிறது என்றும் அவர் கண்டார். இருநூறு ஆண்டு கழித்து, சத்தத்தைவிட வேகமாகப் பறக்கும் விமானம் கட்டியவர்கள் முட்டிக் கொண்டதும் இதே சுவரில்தான். காற்றின் தடையைப் பற்றிய இந்தச் சோதனைகளுக்காக ராயல் சொசைட்டி அவருக்கு 1746-ல் கோப்ளி பதக்கம் அளித்தது.

குறி ஏன் தப்புகிறது?

வேகம் தெரிந்துவிட்டது. குறி?

துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி வைத்துச் சுட்டாலும், ஒரு குண்டு பட்ட இடத்தில் அடுத்த குண்டு படுவதில்லை. ஒன்று இடப்பக்கம் போகிறது. ஒன்று வலப்பக்கம் போகிறது. சுடுகிறவன் கை நடுங்கிற்று என்று சொல்ல முடியாது. கையே இல்லையே!

ராபின்ஸ் வழி நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். குண்டு ஒவ்வொரு திரையையும் ஓட்டை போட்டுக்கொண்டு போகும். ஓட்டைகளை வரிசையாகப் பார்த்தால் குண்டு போன பாதை தெரியும். பாதை நேராக இல்லை. பக்கவாட்டில் வளைந்திருந்தது!

குண்டு சுழல்கிறது, அதனால்தான் வளைகிறது என்று அவர் சந்தேகித்தார். அதை நிரூபிக்க ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். துப்பாக்கிக் குழாயின் வாயை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். குண்டு குழாயின் வலது சுவரில் உராய்ந்துகொண்டு வெளியே வந்தது. முன் திரையில் இடப்பக்கம்தான் ஓட்டை விழுந்தது. ஆனால் போகப் போகக் குண்டு திரும்பி, கடைசியில் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. கூடியிருந்தவர்கள் எப்படித் திகைத்திருப்பார்கள்!

இதைச் சிறுவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். துப்பாக்கி வேண்டாம். ராபின்ஸே ஒரு மரப்பந்தை இரட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுத்தான் செய்து காட்டினார். லேசான பந்தை இரண்டு நூலில் தொங்கவிடுங்கள். நூலை நன்றாக முறுக்குங்கள். பிறகு பந்தை இழுத்து ஆடவிடுங்கள். முறுக்கு அவிழும்போது பந்து சுழலும். சுழன்றுகொண்டே ஆடும் பந்து நேர்கோட்டில் ஆடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். கால்பந்து ஆட்டக்காரர் உதைத்த பந்து வளைந்துபோய் வலைக்குள் விழுகிறதே, அதுவும் இந்த ரகசியம்தான்.

அப்படியானால் குறி தப்பாமல் இருக்க என்ன வழி? குண்டு கண்டபடி சுழல்வதற்குப் பதிலாக, பம்பரம்போல், போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழல வேண்டும். குழாயின் உள்ளே திருகு திருகாகப் பள்ளம் வெட்டினால் குண்டு அப்படிச் சுழலும். இத்தகைய குழாய்கள் முன்பே இருந்தன. அவை ஏன் குறி தப்புவதில்லை என்ற காரணம்தான் தெரியாமல் இருந்தது. 1747-ல் ராபின்ஸ் அதை விளக்கினார். திருகு வெட்டிய துப்பாக்கியை எந்த நாடு நன்றாகப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கிறதோ, அந்த நாடு மற்ற நாடுகளை மிஞ்சிவிடும் என்றும் சொன்னார். நூறு ஆண்டு கழித்து அது பலித்தது. இன்று போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் பிஸ்டலிலும் அந்தத் திருகுப் பள்ளம் இருக்கிறது.

மின்சாரக் கண்

ராபின்ஸின் ஊசலை வைத்து ஹட்டன் என்ற கணித ஆசிரியர் 1775 முதல் பீரங்கிக் குண்டுகளையே அளந்தார். பிறகு மின்சாரம் வந்தது. 1864-ல் லெ பூலாங்ழே என்ற பெல்ஜியத்து ராணுவ அதிகாரி ஒரு புதிய கருவி செய்தார. குண்டு முதல் கம்பியை அறுத்ததும் ஒரு கோல் விழத் தொடங்கும். அடுத்த கம்பியை அறுத்ததும் அந்தக் கோலின்மேல் ஒரு கத்தி வெட்டுக் குறி போடும். கோல் எவ்வளவு விழுந்தது என்பதிலிருந்து நேரம் தெரியும்.

இப்போது கம்பியும் வேண்டாம். இரண்டு மின்சாரக் கண்கள் போதும். குண்டின் நிழல் முதல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கும். இரண்டாவது கண்ணில் பட்டதும் நிற்கும். கண்களுக்கு நடுவே இரண்டு அடி தூரம் என்றால், பிஸ்டல் குண்டு அதைக் கடக்க ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். ஆனாலும் வேகம் எண்ணாக வந்து நிற்கிறது. ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலில் கிளம்பும் எட்டு கிராம் குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,150 அடி.

சில நாடுகளில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே அடைத்துக் கொள்கிறார்கள். பழைய பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிய கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகுகிறார்கள். அடைத்ததும் போட்டிக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. பரீட்சை நடக்கிறது.

பரீட்சையில் அவர்கள் தேடுவது என்ன? அதிக வேகமா? இல்லை! ஒரே மாதிரியான வேகம்.

பத்துத் தோட்டாவைச் சுடுகிறார்கள். பத்து வேகங்களையும் எழுதிக் கொள்கிறார்கள். மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கிறார்கள். பிறகு பிஸ்டலை மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்து, காகிதத்தில் சுடுகிறார்கள். எந்த இரண்டு ஓட்டைகள் மிகவும் தள்ளி இருக்கின்றனவோ, அவற்றின் இடைவெளியை அளக்கிறார்கள். ஒரு குண்டு நட்டநடுவில் விழுந்துவிட்டால் போதாது. அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். பத்தும் ஓரிடத்தில் கூடவேண்டும்.

வேகம் மாறினால் குறி எவ்வளவு மாறும்? நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மீட்டர் தூரம். ஒரு குண்டு விநாடிக்கு 1,000 அடி. இன்னொன்று 950 அடி. இரண்டும் போகும் வழியில் பூமியின் இழுப்பினால் சற்றுத் தாழும். மெதுவான குண்டு, வேகமான குண்டைவிடச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான் அதிகம் தாழ்கிறது. அந்தத் தூரத்துப் போட்டிக் காகிதத்தில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். ஆகவே அங்கே குறி தப்பினால் மருந்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை. சுட்டவர் தம் கையைத்தான் பார்த்துக் கொள்ளவேண்டும். ஆனால் 50 மீட்டரில் இந்த வித்தியாசம் நாலு மடங்கு, அதாவது 14 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. வட்டமோ அதே 50 மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு மார்க் போகும். அதில் பதக்கமும் போகும்.

நம் நாட்டில் இதை வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்க முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவைத் தயாரிப்பது மட்டும் குற்றம் அல்ல. அதைப் பரீட்சை செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

நம் ராஜ்யத்திலேயே இந்த வேலைக்கென்று ஓர் ஊர் இருக்கிறது. நீலகிரி ரயிலில் குன்னூரைத் தாண்டியதும் வரும் அரவங்காடு. அங்கே உள்ள கார்டைட் தொழிற்சாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார சர்க்கார் ஏற்படுத்தியது. புகை அதிகம் இல்லாத மருந்தை அங்கே தயாரிக்கிறார்கள். 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசாங்கக் கம்பெனியின்கீழ் நடக்கிறது. எந்த நாட்டிலும் துப்பாக்கி மருந்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, மாதிரி எடுத்துச் சுட்டு, வேகத்தை அளந்து பார்த்த பிறகே படைக்கு அனுப்புகிறார்கள். ராபின்ஸ் போட்ட பாதை அது.

கடலூரில் முடிந்த கதை

இங்கிலாந்தில் இருந்தவர் கடலூருக்கு எப்படி வந்தார்?

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பிடித்துக் கொண்டார்கள். ஆங்கிலக் கம்பெனிக்குப் பெருத்த அவமானம். சமாதான உடன்படிக்கை ஆகி, 1749-ல்தான் சென்னை திரும்பக் கிடைத்தது. அந்தச் சமாதானத்தைக் கொண்டாட அதே ஆண்டு லண்டனில் ராஜா பெரிய வாணவேடிக்கை நடத்தினார். ஊரே வேடிக்கை பார்த்தது. ராபின்ஸ் மட்டும், வாணம் எத்தனை அடி உயரம் ஏறுகிறது என்று அளப்பதற்கு ஏற்பாடு செய்தார்! அவர் குணம் அப்படி.

கோட்டைகளைப் பலப்படுத்த வேண்டும் என்று கம்பெனிக்குப் பயம் பிடித்துக் கொண்டது. ராபின்ஸையே தலைமை எஞ்சினீயராக நியமித்தது. 1749 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் கப்பல் ஏறினார். வழியில் கப்பல் கவிழ இருந்து தப்பியது. 1750 ஜூலை மாதம் கடலூரில், தேவனாம்பட்டினத்துக் கரையில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமை இடம் அப்போது அதுதான்.

அவர் நமக்கு நல்லது செய்ய வரவில்லை. கம்பெனியின் கோட்டையைக் காப்பாற்ற வந்தார். அதை மறக்க வேண்டியது இல்லை. ஆனால் உழைப்பாளி. வந்த நாள் முதல் ஓயவில்லை. செயின்ட் டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் முழுத் திட்டம் தயாரித்தார். வெயில் அவருக்கு ஒத்துக் கொள்ளவில்லை. செப்டம்பரிலேயே காய்ச்சல் கண்டது. எழுந்தார். மறு ஆண்டு மறுபடியும் உடல் நலிந்தது. இந்தத் தடவை எழவில்லை. 1751 ஜூலை 29-ந் தேதி உயிர் பிரிந்தது. கம்பெனி டைரக்டர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, பேனா கையில் இருக்கும்போதே இறந்தார் என்று சொல்வார்கள். வயது 44. கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

அவர் இறந்த அடுத்த மாதம் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குப் படை எடுத்துக் கிளம்பினார். ராபின்ஸ் வரைந்த திட்டங்கள் அவர் கண்ணெதிரே நிறைவேறவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரைக்குப் போகிறவர்கள், கெடிலம் ஆற்றோரத்தில் அந்தக் கோட்டையின் மிச்சச் சுவர்களைப் பார்க்கலாம்.